கொன்றவன் யாரென்று தெரிந்த பிறகு

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிற இளைஞர்களில், 'அசுரன்' படம் பார்த்துவிட்டு, அதற்கு மூலமான பூமணியின் 'வெக்கை'யைத் தேடிப் படிக்கிறவர்கள் உண்டு. 1982இல் வந்த நாவல் அது. தொடக்கத்திலேயே கொலை நடந்து முடிந்துவிடுகிறது. வெட்டியவன் பதினைந்து வயதுச் சிதம்பரம். செத்தவன் வடக்கூரான். அண்ணனைக் கொன்றதற்குப் பழி. யார், யாரை, எதற்காக என்ற மூன்றும் வெளிச்சமாகிவிட்ட பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை.

முதல் முடிச்சு சிதம்பரத்தின் எண்ணத்தில் இருக்கிறது. அவன் நினைத்தது கையை எடுக்க மட்டுமே. வெட்டு கையோடு நிற்கவில்லை. நினைத்ததற்கும் நடந்ததற்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளியில்தான் வாசகர் நுழைகிறார். கொலைகாரனோடு அல்ல, தான் செய்ததன் அளவு இன்னும் பிடிபடாத ஒரு பையனோடு ஓடத் தொடங்குகிறார்.

அடுத்தது இடம். ராயக்கோட்டையில் ஒருவன் தலைமறைவாக நினைத்தால் பஸ் ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் மறைந்துவிடலாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் சிதம்பரமும் அவனோடு தலைமறைவாகும் அய்யாவும் அப்படித் தொலைவாகப் போய்விடுவதில்லை. ஊரை ஒட்டிய மலையும் ஓடையும் காடுமே அவர்களுக்கு மறைவிடம். ஆபத்து கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. ஊரில் என்ன நடக்கிறது என்று மாமா வந்து சொன்னால்தான் உண்டு. அவர்களுக்குத் தெரியாத எதையும் பூமணி நமக்கும் சொல்வதில்லை. அவர்கள் அடுப்பு மூட்டினால், புகை தெரிந்துவிடுமோ என்று நம் வயிறு கலங்குகிறது.

எட்டு நாள் இப்படியே நகர்கிறது. சமையல், தண்ணீர், தூக்கம், பேச்சு. பரபரப்பை நாடும் எழுத்தாளர் இந்த நாட்களை வெட்டி எறிந்திருப்பார். என் கணிப்பில் நாவலின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பையன் செய்ததை அய்யா கேட்டுக்கொள்கிறார், கைவிடவில்லை. பிறகு தன் பழைய காலத்தைச் சொல்கிறார். சோறும் கதையும் பகிரப் பகிர அந்தப் பையன் நமக்கு நெருக்கமாகிறான். நெருங்க நெருங்க, பிடிபட்டுவிடுவானோ என்ற பயமும் ஏறுகிறது.

அவர்கள் கடைசியில் போய்ச் சேர வேண்டியது போலீஸ் ஸ்டேஷன் அல்ல, கோர்ட்டு. எதிராளிக்கும் போலீசுக்கும் சிக்காமல் அங்கே போய்விட்டால் உயிராவது மிஞ்சும் என்பது கிராமத்தார் பட்டு அறிந்த கணக்கு. போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவன்மேலேயே சாட்சியமாக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது; அந்தப் பாதுகாப்பு 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இருக்கிறது. சட்டத்துக்கே போலீஸ்மேல் ஐயம் இருக்கும்போது, கோர்ட்டு வாசல் வரையிலான வழி முழுக்கப் பதற்றமாவதில் வியப்பில்லை.

படத்தில் அப்பா பழியைத் தானே ஏற்றுக்கொண்டு மகனைப் படிக்கச் சொல்கிறார். மனதைத் தொடும் முடிவுதான். நாவலில் இருவரும் சேர்ந்தே கோர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள். தீர்ப்பு வருமுன்பே பூமணி நிறுத்திவிடுகிறார்.