சிறுவாட்டைப் பார்க்கும் இரண்டு பேர்

அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் ஒளித்துச் சேர்க்கும் பணத்துக்குத் தமிழில் சிறுவாடு என்று பெயர். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது, முட்டை விற்றது, பூக்கட்டிக் கிடைத்தது என்று சில்லறையாகச் சேர்வது. இதை நிதி ஆலோசகரிடமும், இப்போது பெருகிவரும் ‘மணி கோச்’ எனப்படும் பயிற்சியாளரிடமும் காட்டினால் என்ன சொல்வார்கள்?

ஆலோசகர் பணத்தைப் பார்ப்பார். எவ்வளவு இருக்கிறது, எப்போது தேவைப்படும், எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள் என்று கேட்பார். பானையில் கிடந்தால் விலைவாசி தின்றுவிடும், வைப்புநிதியிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ போடுங்கள் என்பார். கோச் பார்ப்பது பெண்ணை. ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்? சிறுவயதில் உங்கள் வீட்டில் பணத்தைப் பற்றி எப்படிப் பேசினார்கள்? எதில் போடுவது என்று அவர் சொல்வதில்லை. பழக்கத்தையும் பயத்தையும் பேசவைத்து, முடிவை அவளையே எடுக்கவைக்கிறார்.

இரண்டாவதுதான் நமக்கு இணக்கமாகத் தோன்றும். காரணமும் இருக்கிறது. தம்பதியாகப் போனால் கணவரின் முகத்தைப் பார்த்தே பேசும் ஆலோசகர்கள் உண்டு. சம்பளம் மனைவியுடையதாக இருந்தாலும் கையெழுத்துக்கு மட்டும் காகிதம் அவள் பக்கம் திரும்பும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நாற்பது வயதில் முதல்முறையாகக் கேட்கப்படும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி சாதாரணமானதல்ல.

ஆனால் அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிறுவாட்டைப் ‘பற்றாக்குறை மனநிலை’ என்கிறது கோச்சிங் மொழி. மனதை மாற்றிக்கொள், பணம் வரும். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் கணவரிடம் இருக்கும் பெண்ணுக்குப் பானையில் உள்ள மூவாயிரம் ரூபாய், அடி விழும் இரவில் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறுவதற்கான காசு. அவள் தன் வீட்டைச் சரியாகவே கணித்திருக்கிறாள். அந்தக் கணிப்பை மனக்கோளாறாக்கித் திருத்தச் சொல்வது, வீட்டை அப்படியே விட்டுவிட்டு அவளைப் பழுதுபார்ப்பது.

ஆலோசகர் மட்டும் என்ன? வங்கியில் போட்டால் குறுஞ்செய்தி யாருடைய கைபேசிக்குப் போகும் என்று அவருடைய படிவம் கேட்பதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது, ஒளித்த பணத்தை மாற்றித்தரச் சொல்லிக் கணவரிடமே நீட்ட வேண்டியிருந்தது. வெளிச்சத்துக்கு வந்த பணம் எல்லோருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

இருந்தாலும் இருவருக்கும் நடுவே ஒரு வேறுபாடு முக்கியம். முதலீட்டு ஆலோசகர்களுக்கான செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆலோசகர் பதிவு பெற வேண்டும். வாடிக்கையாளரின் நலனை முன்வைத்தே நடக்க வேண்டும். தவறினால் அவர்மேல் புகார் கொடுக்கலாம். (கமிஷனுக்குப் பாலிசி விற்பவரும் தன்னை ஆலோசகர் என்றே சொல்லிக்கொள்வார், அவர் வேறு.) குறிப்பிட்ட முதலீடு எதையும் பரிந்துரைக்காத கோச்சுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. “முடிவு உங்களுடையது” என்கிறார். மரியாதையான வாக்கியம்தான். விளைவு மோசமானால் பொறுப்பை முழுவதுமாக அவள் தலையில் இறக்கிவைப்பதும் அதே வாக்கியம். முடிவெடுக்கத் தேவையான எதுவும் கையில் இல்லாதவளிடம் முடிவை ஒப்படைப்பதை நான் சுதந்திரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மனைவிக்கு உரிய பணத்தைத் தராமல் வைத்திருப்பதையும், அவளுடைய சீதனத்தைக் கைப்பற்றுவதையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறை என்கிறது. அவளுடைய மனநிலையைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. செய்தவரைப் பற்றித்தான் கேட்கிறது. கோச்சிடம் பேசித் தெளிந்து, ஆலோசகரிடம் கணக்கும் போட்டுவிட்ட பெண்ணுக்கும் பீரோ சாவி இன்னும் மாமியாரிடம்தான் இருக்கிறது என்றால், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது.