கருணையும் கையொப்பமும்

உயிருக்கோ சுதந்திரத்திற்கோ கேடு சூழும் நாட்டிற்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்பது 1951ஆம் ஆண்டின் ஜினீவா உடன்படிக்கையில் 33ஆம் விதி. பாரதம் அதில் இன்றளவும் ஒப்பமிடவில்லை. எனினும் 1959இல் தலாய் லாமாவுக்கும் அவரைத் தொடர்ந்த திபெத்திய மக்களுக்கும் அடைக்கலம் அளித்தது. அங்ஙனமாயின் கையொப்பம் எதற்கு, கருணையே போதாதோ என வினவுவர் சிலர்.

கருணை அறத்தின் வேர், ஐயமில்லை. ஆனால், ஒருவருக்குத் திறந்த கதவு மற்றொருவருக்கு அடைபடின், அவர் எதைச் சுட்டி முறையிடுவார்? தயவுக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமையை நாம் அறிவோம். 1927இல் மகாத் குளத்து நீரைப் பாபாசாகேப் அம்பேத்கர் இரந்து பெறவில்லை; உரிமையாகவே அள்ளிப் பருகினார். அவர்வழி தம்மம் தழுவிய நாம் அகதிக்கும் அவ்வுரிமையையே வேண்டுதல் கடன். மைத்திரி உள்ளத்தில் பிறக்கட்டும், சட்டத்தில் நிலைபெறட்டும்.