நான்கு மணி நேரத் தேசாந்தரம்

திருச்சியில் அண்ணன் கண் மூடியபோது அங்கே இரவு பத்து நாற்பது. கிள்ளானில் என் வீட்டுக் கடிகாரம் ஒன்று பத்து காட்டியது, தேதி மாறிவிட்டது. வாட்சப்பில் அண்ணி அழுதுகொண்டிருக்க, எந்த நாளைத் திதிக்குக் குறிப்பது என்று என் மனம் கணக்குப் போட்டது.

1969-க்குப் பிறகு மலேசியாவில் வேலை பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பிய, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களில் அண்ணனும் ஒருவர். நான் இங்கே பிறந்தவன், தங்கிவிட்டேன்.

செப்பாங்கிலிருந்து திருச்சி ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம். என்னிடம் விசா இல்லை. அதற்காகக் காத்திருந்த நாளில் பிரிக்பீல்ட்ஸில் எனக்குப் பழக்கமான குருக்களைப் போய்ப் பார்த்தேன். தூரதேசத்தில் பங்காளி இறந்தால் தீட்டு எத்தனை நாள்?

பத்து நாளுக்குள் செய்தி வந்தால் மிச்ச நாள், அதற்குப் பின் வந்தால் மூன்று இரவு, வருஷம் கடந்தால் ஒரு முழுக்கு என்றார். எது தூரதேசம் என்பதில் சாஸ்திரக்காரர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லையாம். அறுபது யோசனை என்பார் சிலர், நாற்பது, முப்பது என்பார் வேறு சிலர். நடுவில் பெரிய ஆறோ மலையோ இருந்தால், பேச்சு மாறினால், பத்து இரவுக்குள் செய்தி எட்டாவிட்டால், அதுவும் தேசாந்தரம்தான்.

கேட்டதும் அப்பா ஞாபகம் வந்தது. நாகப்பட்டினத்தில் ஏறினால் ரஜூலா கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாம் வர ஒரு வாரம் போல ஆன காலம் அது. தாத்தா இறந்த கடிதம் வந்தபோது ஊரில் கருமாதியே முடிந்திருந்தது. அப்பா லயத்துக் குழாயடியில் தலை முழுகினார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் விடியுமுன் கத்தியை எடுத்துக்கொண்டு மரம் சீவப் போய்விட்டார். அந்த மூன்று நாள், போக முடியாதவனுக்குச் சாஸ்திரம் காட்டிய இரக்கம் என்றே நினைக்கிறேன்.

எனக்கு அந்த இரக்கம் பொருந்துமா? யோசனைக்கு எட்டு மைல் என்று வைத்தாலும் அறுபது யோசனை 480 மைல். திருச்சி அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அளவுகோலைக் கேட்டால் நான் தேசாந்தரத்தில் இருக்கிறேன். செய்தியைக் கேட்டால், அண்ணனின் கடைசி மூச்சு அடங்கிய நிமிஷமே எனக்குத் தெரியும்; பக்கத்து அறையில் இருந்தவனுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். இரண்டில் செய்தியே பெரிது என்று எனக்குப் படுகிறது. செய்தி எட்டிய இடத்தில் கடமையும் எட்டிவிடுகிறது.

நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். பால் தெளித்து, அஸ்தியைக் காவிரியில் கரைத்திருந்தார்கள். அண்ணன் உட்காரும் நாற்காலியை அண்ணி எனக்குப் போட்டார். ஏழு வருஷமா வரலையே தம்பி என்று மட்டும் கேட்டார். நான்கு மணி நேரத் தொலைவில் ஏழு வருஷம். அதற்கு எத்தனை நாள் என்று குருக்களிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பதினாறாம் நாள்வரை அங்கேயே இருந்து தீட்டுக் காத்தேன்.