துன்பத்திடையே நன்மை காணல்

துன்பம் வந்துற்ற காலத்தில் அதனிடையே நன்மையைத் தேடுதல் அறமாகுமா, அன்றித் தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்ளுதலாகுமா? சமணர்களாகிய நாம் ஆராயத்தக்க வினா இது.

உளவியலார் நெடுங்காலம் மனநோயையும் அதன் தீர்வையுமே மிகுதியாக ஆராய்ந்தனர். மனநலம் எவற்றால் வளர்கிறது என்பதையும் ஆராய வேண்டுமென, 1998ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராயிருந்த மார்ட்டின் செலிக்மன் வலியுறுத்தினார். இதனை நேர்மறை உளவியல் என்பர். அவரும் உடன் ஆய்ந்தோரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எளிய பயிற்சியொன்று உள்ளது. ஒரு வாரம் இரவுதோறும், அன்று நன்கு நடந்த மூன்றினையும் அவற்றின் காரணத்தையும் எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதியோரிடம் ஆறு திங்கள் கழிந்த பின்னும் மகிழ்ச்சி மிகுந்தும் மனச்சோர்வு குறைந்தும் காணப்பட்டன. வாரம் கடந்தும் தாமே தொடர்ந்து எழுதியோர் மிகுந்த பயன் பெற்றனர்.

இதனை நம் அறநெறி ஏற்குமா? உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஆர்த்த தியானத்தை நான்காக வகுக்கிறது. வேண்டாதது வந்ததையும், வேண்டியது பிரிந்ததையும், நோயின் வேதனையையும் ஓயாது எண்ணி வருந்துதல் மூன்று. வருங்கால இன்பத்திற்கு ஏங்குதல் நான்காவது. துன்பம் முன்வினையின் பயன். அதனையே சுற்றிச் சுழலும் எண்ணமோ புதுவினையைக் கட்டுவிக்கிறது. அச்சுழற்சியை நிறுத்தும் முயற்சி அறத்திற்கு மாறாகாது. பொருள் பல தன்மையுடையது என்பதே அநேகாந்தம். துயருற்ற மனம் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு, அதுவே முழுமையென்று கொள்கிறது. அன்றைய நன்மையும் துயரைப் போலவே உண்மையன்றோ?

கணவர் மறைந்த ஆண்டில் நாமும் அவ்வாறு எழுதினோம். பக்கத்து வீட்டுச் சிறுமி, கேளாமலே ஒரு குடம் தண்ணீர் கொணர்ந்து வைத்தாள். காரணம் யாதென எண்ணியபோது, அவள் தாய் அவளை வளர்த்த பாங்கு கண்முன் நின்றது. இழப்பு இழப்பாகவே இருந்தது. எனினும் நம் எண்ணம் நம்மை விட்டுப் பிறர் பண்பின்பால் சென்றது. நற்குணமுடையாரைக் கண்டு மகிழும் பிரமோத பாவனை இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இப்பயிற்சி தனக்குத் தானே செய்துகொள்வது. துயருற்றாரிடம் சென்று, "எல்லாம் நன்மைக்கே" என்றோ, "உன் வினைப்பயன்" என்றோ கூறுதல் கொடுமையாகும். துன்புறுவோர்பால் கொள்ளத்தக்கது காருண்யம் என்றே நம் நூல் விதிக்கிறது. அவர்க்கு உணவு சமைத்துக் கொடுத்தலும், அருகில் அமர்ந்து செவிசாய்த்தலுமே நம் கடமை. உறக்கமும் உணவும் இழந்து வாடுவோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலும் அக்காருண்யமேயாம்.

மாலையில் அன்றைய குற்றங்களை எண்ணி வருந்தும் பிரதிக்கிரமணம் நமக்குப் புதிதன்று. அதன்பின், அன்று பெற்ற நன்மை மூன்றினையும், அவை யாருடைய பண்பால் விளைந்தன என்பதையும் எழுதி வைப்போம். இல்லத்துச் சிறாரையும் உடன் அமர்த்திக் கொள்வோம்.