வந்தவரும் இருந்தவரும்

ஓர் ஊரை ஒரு மனிதர் உண்டாக்கினார் என்று சொல்வது நம் வழக்கம். மேடையில் சொல்கிறோம், சிலையின் அடியில் செதுக்கியும் வைக்கிறோம். அது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

பிளவக்கல்லில் மலையடிவாரத்துக்குப் போனவர்களுக்கு அந்த நிலத்தின் குணம் தெரியும். மேற்கே பெரியாறும் கோவிலாறும் இறங்கும் காடு. கிழக்கே வத்திராயிருப்பின் வயல்கள். அவற்றைத் தாண்டிப் போகப்போக வானம் பார்த்த கரிசல். 1970-களில் அந்த இரண்டு ஆறுகளுக்கும் அணை கட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் கண்மாய்தான் இந்த வட்டாரத்தின் உயிர். இந்த மலைக்குத் தெற்கே, அதே அடிவாரத்தில் இருக்கிறது ராஜபாளையம்.

ராஜபாளையம் வந்தவர்கள் வளர்த்த ஊர். பல தலைமுறைகளுக்கு முன்னே தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள், வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக இங்கே வேர் விட்டார்கள். அந்தக் குடியில் 1894-இல் பிறந்தவர் பி. ஏ. சி. ராமசாமி ராஜா. ஊராரிடம் பங்குப் பணம் திரட்டி, 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னர் 1957-இல் சிமெண்டுக் கம்பெனியும் வந்தது. 1962-இல் அவர் மறைந்தபோது, விவசாயத்தை நம்பியிருந்த ஊர் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழும் ஊராக மாறியிருந்தது.

மழை பொய்த்த வருஷத்திலும் அடுப்பு எரிய ஒரு வழி செய்தவரை வாழ்த்தாமல் இருப்பது நன்றி கொன்ற செயல். ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. பருத்தியை விளைவித்தது யார்? முதல் பங்கை வாங்கத் துணிந்த சிறு விவசாயி யார்? இரவு முறையில் அறுந்த இழையை முடிந்தது யார்? இவர்களுக்குச் சிலை இல்லை. சிலை வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கணக்கில் பெயர் வேண்டும் என்கிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய மறதி அல்ல. 1819-இல் பினாங்கிலிருந்து ராபிள்ஸுடன் சிங்கப்பூருக்குப் போன நாராயண பிள்ளை, குடியேறுகிறவர்களுக்கெல்லாம் வீடு வேண்டும் என்று கண்டு செங்கல் சூளை போட்டார். வேலைக்குப் பினாங்கிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1822-இல் அவருடைய கடை தீயில் அழிந்தது, மீண்டும் எழுந்தார். அங்குள்ள மாரியம்மன் கோயிலும் அவர் முயற்சிதான். அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அந்தக் கொத்தர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இன்னொரு மறதியும் உண்டு. "வெறும் காடாகக் கிடந்த இடம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெறும் காடு என்று ஒன்று உண்டா? செண்பகத்தோப்பிலும் இந்த மலைச் சரிவுகளிலும் பளியர்கள் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்து வந்தவர்கள். வந்தவருடைய உழைப்பைப் போற்றுவதற்கு, முன்பே இருந்தவரை இல்லையென்று ஆக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஊர் யாருக்குச் சொந்தம்? முதலில் வந்தவருக்கு என்றால் பளியரைத் தவிர நாம் அனைவருமே குடியேறிகள். பணம் போட்டவருக்கு என்றால் உழைத்தவருக்கு இடமில்லை. எனக்குத் தோன்றுகிற பதில் வேறு: தன் உழைப்பின் பலனில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்காமல் ஊரில் விட்டுச் செல்கிறவருக்கு ஊர் சொந்தம். அதே ராஜபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா, தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். உடைமையைக் கொடுத்தவரை ஊர் தன்னுடையவராக்கிக் கொண்டது.

இன்று தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களும் அறையில் ஒரு பாஷையும் வீதியில் ஒரு பாஷையும் பேசுகிறார்கள். அவர்களை "வந்தேறிகள்" என்று சொல்லும் வாய், தன் பாட்டன் எந்த வழியாக, எந்தப் பஞ்சத்தில், எந்த வண்டியில் வந்தான் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும். வந்தவருக்கு இடம் கொடுத்ததால் வளர்ந்த ஊருக்கு, அடுத்து வருகிறவருக்கு இடம் கொடுக்கும் கடமையும் உண்டு.