கைக்குழந்தையும் குருத்தோலையும்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை வணங்க வருகிறவர்கள் பனையைப் பார்க்காமல் ஊர் வந்து சேர முடியாது. வடகிழக்குப் பருவமழையை நம்பியே கிடக்கும் ராமநாதபுரம் சீமையில், மணலிலும் உப்புக் காற்றிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிமிர்ந்து நிற்கிற மரம் அது. தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதான். பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு என்று அது வாய்க்குத் தருவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதன் ஓலையை வைத்து வீட்டுத் திண்ணைகளில் நடக்கிற கலையைப் பற்றி இன்று பேச நினைக்கிறேன். பெட்டி, கொட்டான், கடகம், சுளகு, தடுக்கு, விசிறி, கிலுகிலுப்பை என்று அது விரியும். இவற்றை முடைகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பலர் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முடைகிறவர்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது சரியில்லை. பிள்ளை வளர்ப்புக்கு நடுவே நடப்பதால் இந்தக் கலை ஒரு படி இறங்கிவிடவில்லை. பிள்ளை வளர்க்கிறவர்கள் கையில்தான் இது இந்த வடிவத்துக்கே வந்து சேர்ந்தது. அதை ஒப்புக்கொண்டால் நாம் கொடுக்கிற விலையும் மாற வேண்டியிருக்கும்.

வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். உச்சியில் இன்னும் விரியாமல் கூம்பி நிற்கும் குருத்தோலையைப் பனையேறி வெட்டி இறக்குகிறார். அதை விரித்து வெயிலில் போட்டால் இளம்பச்சை போய்ப் பால்மஞ்சள் ஏறுகிறது. பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் நடுவே ஓடுகிற ஈர்க்கை நீக்கிவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பெட்டி கோணிக்கொள்ளும். நிறம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். காய்ந்த ஓலை முறியும் என்பதால் முடையும் முன் தண்ணீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். உச்சி வெயிலைவிட விடியலும் அந்தியும் அதற்குத் தோதான பொழுது. கொட்டானின் அடி நாலு மூலையாகத் தொடங்கும், மேலே ஏறஏற வாய் வட்டமாகும். எத்தனை ஓலையில் தொடங்கினால் எந்த அளவு வரும், எந்த வரியில் சிவப்பு நுழைந்தால் எந்த இடத்தில் பூ விழும் என்ற கணக்கு எந்தத் தாளிலும் கிடையாது, முடைகிறவர் மனதில் இருக்கிறது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோத்து இறுக்கிக்கொண்டே போவதால், பாதியில் கையை எடுத்தாலும் முடைந்த வரை பிரிந்துபோகாது. குழந்தை அழுதால் எழுந்து போகலாம். திரும்பி வந்து ஈரக்கையால் ஒருமுறை தடவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்த வசதி தற்செயலாக வாய்த்ததல்ல. மானிடவியலாளர் ஜூடித் பிரவுன் 1970-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. எந்தெந்த வேலைகள் பல சமூகங்களில் பெண்கள் கையில் சேர்ந்தன என்று ஆராய்ந்த அவர், உடல் பலத்தையோ அறிவையோ காரணமாகச் சொல்லவில்லை. குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு செய்யக்கூடியதா, இடையில் நிறுத்தித் திரும்பத் தொடங்க முடியுமா, குழந்தைக்கு ஆபத்து இல்லாததா, வீட்டை விட்டு வெகுதூரம் போகாமல் நடக்குமா என்பவைதான் முடிவு செய்தன என்றார். எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994-இல் எழுதிய நூலில், பழங்கால நெசவு வரலாற்றையே இந்த அளவுகோலை வைத்து விளக்கினார். நம் ஓலைப் பின்னலில் முடைகிற வேலை அந்த அளவுகோலுக்கு அப்படியே பொருந்துகிறது. கிழித்துக் கழிந்த துண்டு ஓலையிலேயே காற்றாடி, கிளி, கைக்கடிகாரம் என்று குழந்தைக்கு விளையாட்டுப் பொருளும் பிறந்துவிடுகிறது. அந்தக் குழந்தை ஓலையின் குணத்தை முதலில் விரலால் அறிகிறது. பிறகு ஒரு நாள் தானும் ஒரு வரி முடைந்து பார்க்கிறது.

பிள்ளைகளோடு செய்கிற கலை பெரிய கலையாகாது என்று நினைப்பவர்களுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒருவரைக் காட்டலாம். 1647-இல் பிராங்க்பர்ட் நகரில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் இரண்டு பெண்களின் தாய். இளைய மகள் பிறந்தது 1678-இல். அதற்கு அடுத்த ஆண்டே கம்பளிப்புழுக்களையும் அவை தின்னும் செடிகளையும் வரைந்து நூலாக வெளியிட்டார். தன்னைச் சுற்றி வளர்ந்த செடிகளிலிருந்தே தொடங்கியவர் அவர். மகள்கள் இருவரும் ஓவியர்களானார்கள். 1699-இல் இளையவளோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறிப் போய் வந்து, 1705-இல் வெளியிட்ட நூல் அவருக்கு அழியாப் பெயர் தந்தது. அவர் படம் வரைந்தார், காகிதம் அவர் பெயரைக் காத்தது. ஓலை முடைகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓலையில் எழுதினவருக்குப் புலவர் என்று பெயர் வைத்த நாம், அதே ஓலையை முடைந்தவரின் பெயரைக் கேட்கவே இல்லை. செய்ததையே திரும்பச் செய்வது எப்படிக் கலையாகும் என்று ஒரு கேள்வி வரும். நாதஸ்வரக்காரரும் அதே ராகத்தைத்தான் நாள்தோறும் வாசிக்கிறார்; அதை யாரும் கலை இல்லை என்று தள்ளுவதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இப்படிப் புகழ்வதே பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைக்கிற தந்திரம் ஆகிவிடாதா என்பது அது. நியாயமான பயம்தான். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்; அதே வேலையில் ஈடுபட்ட ஆணுக்கு அது 97 நிமிடமாக இருந்தது. இந்த நிலையில் "உங்களுக்குத்தான் வீட்டிலிருந்தே வேலை இருக்கிறதே" என்று சொன்னால், சுமை மேல் சுமை ஏற்றியதாகும். ஆனால் குற்றம் கலையிடம் இல்லை. இடையில் நிறுத்த முடிகிற வேலை என்பதும், விலை குறைந்த வேலை என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கியது வாங்குகிற நாம்தான். ஒரு பெட்டிக்கு விலை பேசும்போது முடைந்த நேரம் மட்டும் கண்ணில் படுகிறது. ஓலை காயவைத்தது, ஈர்க்கு நீக்கியது, கிழித்தது, சாயம் ஏற்றியது எதுவும் கணக்கில் வருவதில்லை. அத்தனையையும் சேர்த்துக் கூலி வைத்தால், வீட்டிலிருப்பதா வெளியே போவதா என்பதை அந்தப் பெண் தானே முடிவு செய்துகொள்வார். குழந்தையைப் பார்க்க வீட்டு ஆண்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதுவும் உதவிதான். கத்தியும் கொதிக்கிற சாயமும் கையில் இருக்கிற வேளையில் அது அவசியமும்கூட.

பிளாஸ்டிக் கூடை வந்த பிறகு இதெல்லாம் பழைய நினைவு என்பவர்களும் உண்டு. இந்தக் கடற்கரை முன்பு ஒன்றை இழந்ததை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ராமேஸ்வரம் தீவிலும் சுற்றியுள்ள மணலிலும் இம்பூறல் என்ற சிறு செடி வளரும். சாயவேர் என்று அதன் வேரைத் தோண்டி எடுத்துத் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். 1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் இருவர் அந்தச் சிவப்பின் மூலப்பொருளைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். வேர்ச் சாயத் தொழில் அதன்பின் தேய்ந்தது. செடி இன்றும் முளைக்கிறது, காலடியில் கிடந்தாலும் அடையாளம் சொல்ல ஆள் அரிது. கைவேலை நின்றால் செடியைப் பற்றிய அறிவும் அதோடு நிற்கும். பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. குருத்தை அளவு தெரியாமல் வெட்டினால் மரமே போய்விடும். எந்த மரத்தில் எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பனையேறிக்கும் முடைகிறவருக்கும் தெரிந்திருப்பதுதான் மரத்துக்குப் பாதுகாப்பு. தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021-இல் 76 லட்சம் பனை விதைகள் தருவதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் ஓலைக்கு ஒரு தேவை இருக்கிற ஊரில், செங்கல் சூளைக்கு விறகாக மரத்தைக் கொடுக்க வீட்டுக்காரருக்கே மனம் வராது.

தேவையை உண்டாக்க முடியும் என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே சான்று இருக்கிறது. செட்டிநாட்டில் மங்கிப்போயிருந்த கொட்டானை எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. பின்னர் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாக் நீரிணைக்கு அக்கரையில், இலங்கையில் 1978-இலேயே பனை அபிவிருத்திச் சபை ஏற்பட்டது. திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் சில்லுக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வாங்கி வருகிறார்கள். தேவிபட்டினத்தில் நவகிரகங்களாக வணங்கும் அந்தக் கற்களுக்குப் படைக்கிற நவதானியத்தையும், ராமேஸ்வரத்திலிருந்து ஊருக்குக் கொண்டுபோகிற பிரசாதத்தையும் அதே மாதிரி சின்ன ஓலைப்பெட்டியில் கொடுத்தால், பெட்டிக்கு ஆண்டு முழுக்க வேலை வரும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அதிகம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்ததே. அந்த நாட்களுக்கு வேண்டிய பெட்டிகளை இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவைத்து, ஓலை வாங்க முன்பணமும் கொடுத்துவிட்டால், முடைகிறவர் தூக்கம் கெடாமல் வேலையை முடிப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கை நின்றாலும் கணக்கு தப்பாது.