பசியில்லாதவன் தூண்டில்

படகில் ஏறாமல், அலை வந்து உடையும் மணல் விளிம்பில் நின்றபடியே நீண்ட கழியால் இரையைக் கடலுக்குள் வீசி மீன் பிடிக்கும் முறையைக் கரைத் தூண்டில் என்று அழைக்கலாம். கடற்கரையுள்ள நாடுகள் பலவற்றில் இது பெரும் பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சென்னையில் பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில், அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைச் சுற்றி, விடியலிலும் அந்தியிலும் இதைக் காணலாம். சீனிவாசபுரம், ஊரூர்க் குப்பம், ஆல்காட் குப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களுக்கு வலையும் தூண்டிலும் பிழைப்பு. அதே மணலில், மாதச் சம்பளம் வாங்குபவரும், மீன் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கக்கூடியவரும், எதுவும் அகப்படாவிட்டாலும் அன்றைய சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவருமான நகரவாசி ஒருவரும் கழியோடு வந்து நிற்கிறார். பசி அனுப்பாத அந்த மனிதர் அங்கே என்ன செய்கிறார், அவர் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மீன்பிடிப்பைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. தேவை தீர்ந்த பிறகும் தேடிக்கொண்டே இருக்கும் வாழ்க்கை முழுவதையும் பற்றிய கேள்வியும் ஆகும்.

இந்தத் தூண்டிலுக்குப் பருவம் உண்டு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கு நோக்கி வாரிக்கொண்டு போகிறது. ஐப்பசியில் வாடைக் காற்று எழுந்தபின் அது தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே போகும் மணலே மிகுதி என்பதால்தான், துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அதன் தெற்கில் மெரினா அகன்றது, வடக்கில் ராயபுரத்துக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. மழையில்லாத மாதங்களில் அடையாற்றுக்கு இந்த மணலைத் தள்ளும் வேகம் இருப்பதில்லை. ஆகவே ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு வளர்ந்து முகத்துவாரத்தை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அந்த வெள்ளம் வந்து மோதும்போது திட்டு உடைகிறது. 1967இல் இந்த முகத்துவாரத்தின் குறுக்கே கட்டப்பட்டு, 1977இல் நீரின் வேகம் தாங்காமல் இடிந்து, இன்றுவரை பாதியில் நிற்கும் உடைந்த பாலம் அந்த வேகத்துக்குப் போதிய சாட்சி.

வாய் திறந்ததும், கழிமுகத்தில் வளர்ந்த இறாலும் மடவைக் குஞ்சுகளும் கலங்கல் நீரோடு வெளியே இறங்குகின்றன; அவற்றை எதிர்பார்த்துக் கொடுவா வந்து நிற்கிறது. வங்காளத்தவர் பேட்கி என்றும், ஆஸ்திரேலியர் பாராமுண்டி என்றும் கொண்டாடும் மீன் இதுதான். கீழ்த்தாடை முன்துருத்தி, முதுகு கூனி, இருளில் கண் செவ்வொளி காட்டும் இந்த மீன் இரையைத் துரத்தி அலைவதில்லை; பாறையின் மறைவிலோ, பாலத்தூணின் நிழலிலோ, வேகமாக ஓடும் நீரும் தேங்கிய நீரும் உரசும் கோட்டிலோ அசையாமல் நின்று, அருகில் வந்ததை ஒரே வாயில் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கரையில் நிற்பவருக்குத் தொலைவாக வீசும் வலிமையைவிட, அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று நீரைப் படிக்கும் கண்தான் முக்கியம். சென்னைக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூடச் சுமார் 1 மீட்டர்தான். ஆயினும் வற்றம் தொடங்கி ஆற்றுநீர் வெளியே இழுபடும் நேரம் எது என்பதைக் குப்பத்துச் சிறுவனும் அறிவான். புதிதாக வருபவர், விலையுயர்ந்த கழியும் ரீலும் வைத்திருந்தாலும், அதைக் கற்கச் சில மழைக்காலங்கள் ஆகின்றன.

மீன் தொடும் கணத்தை அறிவதற்குக் கண் உதவாது. தங்கூசி என்று மீனவர் சொல்லும் நைலான் நரம்பு சுட்டுவிரலின் முதல் கணுவில் படிந்திருக்க வேண்டும். அலை இழுப்பதும், ஈயக்குண்டு மணலில் உருள்வதும், நண்டு இரையைக் கொத்துவதும், கொடுவா கவ்வுவதும் அந்த ஒரு தோல்பரப்பில் நான்கு வேறு செய்திகளாக வந்து சேர்கின்றன. மாட்டிய மீன் நீரைவிட்டு மேலெழும்பித் தலையை இருபுறமும் உதறும். அப்போது நரம்பு தளர்ந்தால் முள் தெறித்துவிடும். கரைக்கு வந்தபின்னும் கவனம் தேவை, ஏனெனில் அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது; அவசரப்பட்டுச் செவுளுக்குள் விரல்விட்டவர் கையில் அதன் தழும்பு நெடுநாள் இருக்கும்.

இதே மாதங்களில், பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வேறொரு மீனுக்காக இப்படியே பலர் நிற்கிறார்கள். உடலின் நீளத்தில் கருவரிகள் ஓடும் அந்த மீனை அங்கே ஸ்டிரைப்டு பாஸ் என்பார்கள். வசந்தத்தில் செசபீக் விரிகுடாவில் சேரும் ஆறுகளிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்டு, கோடையில் வடக்கே மேய்ந்து, இலையுதிர்காலத்தில் கரையை ஒட்டித் தெற்கு நோக்கித் திரும்பும்போது, கேப் காட், மான்டாக் ஆகிய இடங்களின் மணலில் தூண்டில்காரர்கள் குளிரில் இரவு முழுவதும் காத்திருப்பார்கள். அது முட்டையிட நன்னீருக்கு ஏறுகிறது. கொடுவாவோ ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிட உப்புநீருக்கு இறங்குகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனாலும், இரண்டுக்கும் ஆற்றின் வாய் திறந்திருக்க வேண்டும், ஆறு ஆறாக இருக்க வேண்டும். சாக்கடை சுமக்கும் அடையாறு இந்த நிபந்தனையை எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்பதை, முதல் மழையின் கழிவுநீர் இறங்கியதும் கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதப்பதாக வரும் செய்திகளே சொல்லிவிடுகின்றன.

பசியில்லாதவர் ஏன் தூண்டில் போடுகிறார் என்று கேட்டால், வழக்கமாகக் கிடைக்கும் விடை பொறுமை. இது அத்தனை நம்பத்தகுந்த விடையன்று. பொறுமை பழகத்தான் வேண்டுமென்றால், மயிலாப்பூரில் வங்கி வரிசையில் நின்றும் பழகலாம், ஒரு மீனின் தாடையில் முள்ளை ஏற்றத் தேவையில்லை. தமிழ் மரபு இந்தச் செயலை மீனின் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியது. திருவள்ளுவர் தூண்டிலை எடுத்துக்காட்டும் இடம் சூது அதிகாரம். சூதில் பெறும் வெற்றியை, இரையென்று நம்பித் தூண்டிலின் இரும்பை மீன் விழுங்குவதற்கு அவர் ஒப்பிடுகிறார். சமணமும் வள்ளலாரும் வளர்த்த கொல்லாமை நெறியின் முன் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு வாதிட வழியே இல்லை. ஆயினும் மீன் தின்னும் பெரும்பான்மைத் தமிழர் அந்த நெறியை வணங்கியபடியே வேறு வழியில் வாழ்கிறார்கள் என்பதால், கேள்வியை அவர்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. தான் உண்ணும் உயிரைத் தன் கையால் பிடித்து, தன் கையால் கொன்று, அதன் செதிலைத் தானே உரிப்பவர், வெட்டிக் கழுவிய துண்டுகளை நெகிழிப் பையில் வாங்குபவரைவிடக் குறைந்தது ஓர் உண்மையையாவது அறிந்திருக்கிறார். இந்த நியாயம் சரியானதே. ஆனால் அது உண்ணும் ஒரு மீனுக்கு மட்டுமே பொருந்தும், பொழுது போக்கும் பத்து மீனுக்குப் பொருந்தாது.

இந்த இடத்தில்தான், பிடித்து விட்டுவிடுதல் என்ற பழக்கம் தன்னை அறமாக முன்வைக்கிறது. பிடித்த மீனை முள் நீக்கி உயிரோடு நீரில் விடுவதே இதன் பொருள். மேலைநாடுகளில் பரவி, இப்போது சென்னைத் தூண்டில்காரர்களிடமும் பெருமைக்குரியதாகிவிட்டது. கொல்லவில்லை, ஆகவே குற்றமில்லை என்பது இதன் வாதம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அட்லாண்டிக் கரையில் மீன்வளத்தைக் கணக்கிடுவோர், விடுவிக்கப்படும் ஸ்டிரைப்டு பாஸில் நூற்றுக்கு 9 பிறகு இறந்துவிடுவதாகக் கொள்கிறார்கள். நெடுநேரம் போராடிய களைப்பு, ஆழமாக விழுங்கிய முள், வெப்பமான நீர், படம் எடுப்பதற்காகக் காற்றில் தூக்கிப் பிடித்த நேரம் ஆகியவை காரணங்கள். 9 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் விடப்போகிறோம் என்ற நிம்மதியில் பிடிப்பவருக்கு எண்ணிக்கை எல்லை இல்லாமல் போவதால், மீன்பிடிப்பால் மாண்ட ஸ்டிரைப்டு பாஸில் ஏறக்குறைய பாதி, கருணையோடு விடப்பட்டுப் பின்னர் இறந்தவை என்று கணக்கிடப்பட்ட ஆண்டுகளும் உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவரைவிட, முப்பதைப் பிடித்து முப்பதையும் விட்டவர் அதிகம் கொன்றிருக்கக்கூடும். தன்னைத் தடுத்து நிறுத்தாத அறம், செய்தவருக்கு நிம்மதியைத் தருமே தவிர மீனுக்கு எதையும் தராது.

மீனை விடுவதற்குத் தமிழிலேயே மிகப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு என்பது இங்கே நினைக்கத்தக்கது. பங்குனிப் பெருவிழாவில் மயிலை மாடவீதிகளில் உலாவரும் அறுபத்து மூவருள் அதிபத்த நாயனார் ஒருவர். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராக வாழ்ந்தவர். நாள்தோறும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் மேற்கொண்ட நியமம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்த அவரது வரலாற்றில், நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் அகப்படும் காலம் வருகிறது. அதுவே முதல் மீனும் ஆகையால் அதையும் விட்டுவிட்டு, செல்வம் கரைந்து, சுற்றம் பசியில் வாடும்படி வறுமையில் நிற்கிறார். பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்து விழும் நாளிலும் அந்த முறையை மாற்றவில்லை. பக்திக் கதையாக அறியப்பட்டதை மீன்பிடிப்புக் கதையாகவும் படித்தால், இரண்டு விடுதல்களுக்கும் உள்ள தொலைவு விளங்கும். அதிபத்தர் விட்டது அவருக்கு வேண்டியிருந்த மீன். அதை விட்டதால் அவர் பங்கு குறைந்தது. பொழுதுபோக்குத் தூண்டில்காரர் விடுவது அவருக்கு எப்போதுமே வேண்டாத மீன். அதை விடுவதால் அவருக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை, அடுத்த வீச்சுக்குக் கை ஒழிகிறது, அவ்வளவுதான்.

பிழைப்புக்காகப் பிடிப்பவருக்குக் கூடையின் கொள்ளளவும், அன்றைய விலையும், உடல் அசதியும், ஊர்ப் பஞ்சாயத்தின் கட்டுப்பாடும், அரசின் தடையும் எல்லை வகுக்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்க வேண்டும் என்பது அத்தகைய தடைகளுள் ஒன்று. சம்பளக்காரர் கழியோடு வரும் கரையில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. நாளுக்கு இத்தனை என்ற கணக்கும் இங்கே நடைமுறையில் கிடையாது. எல்லை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1639லேயே ஸ்டிரைப்டு பாஸை வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அப்படியிருந்தும் 1970களின் பிற்பகுதியில் மீன் அருகிப்போய், 1984இல் நாட்டுச் சட்டமும், 1985இல் மேரிலாந்து மாநிலத்தில் முழுத் தடையும் வந்தபின், 1995இல்தான் வளம் மீண்டதாக அறிவிக்க முடிந்தது. இன்று திறந்த கடற்கரையில் ஒருவருக்கு நாளுக்கு ஒரு மீன், அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். பெரியவை பெரும்பாலும் தாய்மீன்கள் என்பது மேல்வரம்பின் காரணங்களுள் ஒன்று.

கொடுவாவில் இந்தக் காரணம் இன்னும் அழுத்தமானது, ஏனெனில் அது பெரும்பாலும் ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் ஆணாகவே இனம்பெருக்கி, வளர்ந்து பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன். படத்துக்கு அழகாகத் தூக்கிப்பிடிக்கப்படும் பெரிய கொடுவா அநேகமாக எப்போதும் பெண். இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கக்கூடியது. சாந்தோம் நெடுஞ்சாலையில், அடையாறு முகத்துவாரத்துக்கு எட்டிய தொலைவில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தபோது, அதற்குப் பின்னால் பல்லாண்டு ஆராய்ச்சி இருந்தது. கூடமும் வல்லுநர்களும் வைத்துச் செய்த அந்த வேலையை ஆற்றுவாயில் தானாகவே செய்யக்கூடிய ஒரு மீனை, எடை பார்த்துச் சொல்லிக்கொள்வதற்காக மட்டும் கொல்வதை எந்த நியாயத்தாலும் காக்க முடியாது.

ஆகவே, தேவை எல்லை வகுக்காத இடத்தில் மனிதன் தானே எல்லை வகுத்துக்கொண்டாக வேண்டும். மழைக்காலத்தில் கழியோடு முகத்துவாரத்துக்குப் போகிறவர் அதைக் கரையில் கால்வைக்கும் முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது, ஏனெனில் மீன் கடிக்கத் தொடங்கிய பிறகு யாரும் முடிவுசெய்ததில்லை. வீட்டார் உண்ணக்கூடிய நடுத்தர மீன் ஒன்று கிடைத்ததும் கழியை மடக்கிவிட வேண்டும். முள்ளின் உட்பக்கமாக மடிந்திருக்கும் சிறு எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவைத்தால், தப்பவேண்டிய மீன் காயம் குறைந்து தப்பும். பெரியது மாட்டினால் நீரிலேயே முள்ளைக் கழற்றி, படம் எடுக்காமல் விட்டுவிடலாம். அறுந்த நரம்பை மணலில் போடாமல் சுருட்டி எடுத்துவரலாம், ஆமையின் கழுத்துக்கும் குப்பத்துக் குழந்தையின் காலுக்கும் அது ஒரேபோல் சுருக்கு. ஒன்றுக்கு மேல் வேண்டியிருந்தால், நொச்சிக்குப்பத்தில் 2024இல் திறந்த நவீன அங்காடியில் மீன் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளலாம்.